அவள் பங்குக் காற்று

மீசைதான் பிரச்சினை என்று டீச்சர் சொன்னார்.

"மாஸ்க் முகத்தோட ஒட்டி இருக்கணும் சார். மீசை மேல உக்காந்தா இடுக்கு வழியா தண்ணி உள்ள வரும். மழிக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் தடவிக்குங்க, போதும்."

வாஸ்லின் டப்பாவை நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கவில்லை.

"பரவால்லம்மா. தண்ணி எனக்குப் புதுசு இல்ல."

"தடவிக்குங்க மாமா," என்றான் மச்சான். "எண்ணெய் போட்டு வளர்த்த மீசைதானே. வாஸ்லினைக் கண்டா கோச்சுக்குமா?"

"நீ வாயை மூடுடா."

"நான் மூடிக்கிறேன். மாஸ்க்தான் மூட மாட்டேங்குது."

மாஸ்டரின் மனைவி சிரித்தாள். பயந்திருக்கும்போது அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாக வரும்.

துறைமுகத்துக்குப் பின்னால், சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் இறங்கக் கற்றுக்கொடுக்கும் ஸ்கூபா கடையின் உள்ளறை அது. ஈர ரப்பர் வாடை. சுவரில் கறுப்பு உடைகள் கொக்கிகளில் தொங்கின. தரை முழுவதும் ஈரக் கால்தடங்கள். நீண்ட பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் செல்போன் கடை வைத்திருந்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாண நாள் பரிசு என்று இதை ஏற்பாடு செய்தவன் அவன்தான். அவனால் இறங்க முடியாது. சின்ன வயதில் காதில் அறுவை சிகிச்சை. படகில் உட்கார்ந்து படம் எடுப்பதாகச் சொல்லி வந்திருந்தான்.

மாஸ்டர் நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் ஆசிரியர். அந்த ஊரில் தண்ணீரில் மிதக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மின்கட்டண அட்டையில் மட்டும் அதைப் பார்க்கலாம்.

மனைவிக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுக்க முயன்றார். மற்றவர்களிடம் கத்துவது போலவே அவளிடமும் கத்தினார். அவள் ஏணியில் ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு, "எனக்கு இது வேண்டாங்க," என்றாள். அதற்குப் பிறகு குளத்துக்கு வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

இந்த முறையும் முதலில் மறுத்தாள். பிறகு, "நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னா வரேன்," என்றாள்.

"தண்ணியில உன்னை விட்டுட்டு எங்கடி போகப் போறேன்?" என்றார் மாஸ்டர்.

டீச்சர் விதிகளைச் சொன்னார். அவருக்கு முப்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி. ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லும் பழக்கம்.

"முதல் விதி. மூச்சை அடக்கக் கூடாது. அடக்கவே கூடாது. சிலிண்டர் காத்து வர்ற இந்த ரெகுலேட்டரைக் கடிச்சுக்குங்க, வாயால இழுங்க, வாயால விடுங்க. எது நடந்தாலும் விட்டுட்டே இருங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் 'அடக்கு, அடக்கு' என்று சொல்லிச் சம்பாதித்தவர்.

"ரெண்டாவது. உங்க ஒவ்வொருத்தர் ஜாக்கெட்டுலயும் மஞ்சள் கலர்ல இன்னொரு ரெகுலேட்டர் தொங்கும். உங்களோடது வேலை செய்யலைன்னா, உங்க மஞ்சளை எடுங்க. அதுவும் இல்லைன்னா பக்கத்துல இருக்கறவர் மஞ்சளை எடுங்க. வாயில இருக்கறதை மட்டும் தொடக் கூடாது. அது அவங்களோடது."

"எச்சில் பண்டம்," என்றான் மச்சான்.

"உசுரு," என்றார் டீச்சர்.

*

இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி. முட்டிபோட்டு, தலையை உள்ளே அமிழ்த்தி, மூச்சு விட வேண்டும்.

மனைவி முதல் முறை உடனே எழுந்துவிட்டாள். இரண்டாம் முறை கொஞ்சம் இருந்தாள். மூன்றாம் முறை உள்ளே போனவள் எழவே இல்லை. குமிழிகள் மட்டும் ஒரே சீராக மேலே வந்தன. டீச்சர் தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். "தினமும் நாற்காலியில படுக்க வெச்சுச் சொல்றேன், வாயைத் திறங்க, மூக்கால மூச்சு விடுங்கன்னு. இது அதுக்குத் தலைகீழா இருக்கு, அவ்வளவுதான்," என்றாள் டீச்சரிடம். "வாயில எதையாவது வெச்சுக்கிட்டு மனுஷங்க படற பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிடுச்சு மேடம்."

அடுத்தது, ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, விட்டு, கையை வீசித் தேடிப் பிடித்து மறுபடி கடிக்க வேண்டும். எடுத்திருக்கும் நேரம் முழுவதும் உதட்டோரம் சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் தடுமாறினாள். தண்ணீரைக் குடித்தாள். மறுபடி செய்தாள். வந்துவிட்டது.

மாஸ்டர் முதல் முறையே செய்தார். வேகமாக, அழகாகக்கூட.

"சார், குமிழி வரல," என்றார் டீச்சர்.

"தேவைப்படல."

"தேவைக்காக இல்ல சார். வந்துட்டே இருக்கணும். நீங்க அடக்கறீங்க."

"பழக்க தோஷம்."

"நீச்சல் தெரியாதவங்களுக்கு இது சீக்கிரம் வரும். தெரிஞ்சவங்க தெரிஞ்சதை மறக்கணும். அதுக்குத்தான் நேரமாகும்."

கரையிலிருந்து மச்சான் கத்தினான். "மாமா, கிளாஸ்ல அக்காதான் ஃபர்ஸ்ட்! நீங்க பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க!"

மாஸ்டரும் சிரித்தார். மாஸ்க்குக்குள் மேலுதட்டின் மேல் ஒரு வரி தண்ணீர் தேங்கியிருந்ததை அவர் சொல்லவில்லை.

*

படகு பாறைத் திட்டுக்கு மேலே நின்றது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு மாடி ஆழம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.

மனைவி கல் போல் இறங்கினாள். மாஸ்டர் இறங்கவில்லை. நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு பந்து போல் மேலே மேலே போனார். டீச்சர் அவர் மிதவை ஜாக்கெட்டில் இருந்த காற்றை வெளியேற்றி, காலைப் பிடித்து இழுத்தார். கைகளால் நீந்தாதீர்கள் என்று சைகை காட்டினார். மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். கை கட்டி நின்று அவருக்குப் பழக்கமில்லை.

கீழே வந்ததும் டீச்சர் இருவர் முன்னாலும் முட்டிபோட்டு, விரல்களை வட்டமாகக் காட்டினார். சரிதானா? மனைவி வட்டம் காட்டினாள். மாஸ்டரும் காட்டினார்.

சரியில்லை. தண்ணீர் மூக்கு வரை வந்திருந்தது. மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினால் வெளியே போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஊதினார். அடக்கி வைத்திருந்ததில் பாதிதான் ஊத முடிந்தது. அழுத்திய கை நழுவி மாஸ்க் சற்று ஏறியது. வெளியே போனதைவிட அதிகம் உள்ளே வந்தது. கண் எரிந்தது. மூக்கில் ஏறியது.

மூக்கில் தண்ணீர் ஏறுவது அவருக்கு ஒன்றுமே இல்லை. தினமும் ஏறும். ஆனால் அவருக்குத் தெரிந்த தண்ணீரில், மேற்பரப்பு எப்போதும் ஒரு கை தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். படகின் அடிப்பாகம் உள்ளங்கை அளவில் தெரிந்தது.

டீச்சர் அந்த நேரம் மனைவியின் துடுப்புக் காலணியில் தளர்ந்திருந்த வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் கை மாஸ்டரின் வாயிலிருந்து ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்தது. அது ஏன் அப்படிச் செய்தது என்று அவரால் பிறகும் சொல்ல முடியவில்லை. அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மார்பில் மஞ்சள் குழாய் தொங்கியது. அவர் அதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் குமிழிகள் வந்தன. ஒரே சீராக, அவசரமில்லாமல். அங்கே காற்று இருந்தது. அது யாருடையது என்று அந்தக் கணத்தில் தோன்றவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு யோசிக்க யோசிக்க, தோன்றியது என்றே பட்டது.

இழுத்தார். அவள் தன் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் இழுப்பில் வரவில்லை.

இரண்டாம் முறை இழுத்தார்.

அதைத் தன் வாயில் திணித்து இழுத்தார். காற்று வந்தது. பாதித் தண்ணீர் நிறைந்த மாஸ்க் வழியே அவள் தெரிந்தாள். கண்கள் விரிந்திருந்தன. ஆனால் உதட்டோரம் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவள் மூச்சை அடக்கவில்லை. அவள் கை மார்பில் தடவி மஞ்சள் குழாயைத் தேடியது. அதற்குள் டீச்சர் தன்னுடைய மஞ்சளை அவள் வாயில் வைத்துவிட்டார்.

மேலே வரத் தொடங்கினார்கள். மாஸ்டர் இப்போது அவள் முதுகில் இருந்த சிலிண்டரிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் குட்டை. மேலே வரும்வரை இருவர் முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன. டீச்சர் அவர் மார்பில் விரலால் குத்திக்கொண்டே வந்தார். விடு, மூச்சை விடு. மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார்.

*

"என்ன ஆச்சு? ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?" மச்சான் படகின் விளிம்பில் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினான்.

மனைவி இருமினாள். படகின் கயிற்றைப் பிடித்தாள். டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன் அவள் பேசினாள்.

"என் குழாய் வாயிலேர்ந்து நழுவிடுச்சுடா. தண்ணி குடிச்சிட்டேன். மாமாதான் பிடிச்சு..." மறுபடி இருமினாள். "மாமா பார்த்துக்கிட்டார்."

"ஐயோ அக்கா!" மச்சான் இருவரையும் மேலே இழுத்தான். மாஸ்டரை ஈரத்தோடு கட்டிக்கொண்டான். "மாமா! மாமா, நீங்க கூட இருந்தீங்களே மாமா! நான் ஒரு முட்டாப்பய, இதுக்குப் போய் ஏற்பாடு பண்ணினேன்."

டீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். பேசுவதற்கு நேரம் கொடுப்பது போலிருந்தது அந்தப் பார்வை. மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இனிமே கடல்ல இறங்கணும்னா முதல்ல குளத்துல என்கிட்ட பயிற்சி எடுக்கணும். நல்லா எடுக்கணும்."

"சரிம்மா."

"இது நிறைய பேருக்கு நடக்கறதுதான். யாருக்குமே நடக்கும். ஆனா என்ன நடந்ததுன்னு நாம சரியா பேசிக்கணும்."

"சரிம்மா."

"அவங்க எப்ப வேணும்னாலும் வரலாம். அவங்களுக்கு நல்லா வருது."

மாஸ்டர் தலையை ஆட்டினார். டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான் காரை ஓட்டிக்கொண்டே சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டான். ஒவ்வொரு போனிலும் கதை வளர்ந்தது. முதல் போனில் குழாய் நழுவியது. கடைசிப் போனில் அக்கா மயங்கியிருந்தாள். "மாமா இல்லைன்னா இன்னிக்கு நான் யாரை அக்கான்னு கூப்பிடறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். அப்பா இல்லாமல் வளர்ந்தவன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மாஸ்டர்தான் அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், பிறகு கடைக்கு முன்பணம் கொடுத்தார், பெண் பார்க்கப் போனபோது முன்னால் உட்கார்ந்து பேசினார்.

பின் இருக்கையில் மனைவி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கைக்குட்டையை வைத்திருந்தாள். மாஸ்டர் முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

*

மறுநாள், கதை அவருக்கு முன்பே நீச்சல் குளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டிக்கெட் கொடுப்பவர் எழுந்து நின்று கை கொடுத்தார். காலை வகுப்பில் பெரியவர்கள். அதில் ஒரு வங்கி மேனேஜர். கனத்த உடம்பு. சேர்ந்த நாளிலிருந்து சுவரோரக் கம்பியை விட்டதில்லை. கம்பியோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"மாஸ்டர், கேள்விப்பட்டேன்," என்றார் அவர். "கடலுக்கு அடியிலயே சம்சாரத்தைக் காப்பாத்தினவர் நீங்க. இந்த இடுப்பளவுத் தண்ணியில நான் பயந்தா கேவலம். இன்னிக்குக் கம்பியை விடறேன்."

விட்டார். இரண்டு முறை காலை உதைத்தார். பிறகு மூழ்குவதாக நினைத்துக்கொண்டு மாஸ்டரின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

வழக்கமாக மாஸ்டர் கத்துவார். 'விடுய்யா, என்னையும் சேர்த்துக் கொல்லுவியா' என்பது அவர் எல்லோரிடமும் சொல்வது. இன்று அசையாமல் நின்றார். மேனேஜர் காலை ஊன்றித் தானாகவே கையை எடுத்தார். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். உங்க கழுத்துங்கறதால தாங்கிச்சு. என் பொண்டாட்டி கழுத்தா இருந்தா இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் கரையேறிப் போய் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்துகொண்டார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும் மணி அடித்தபோதுதான் வெளியே வந்தார்.

*

சாயங்காலம் மனைவி சோற்றை ஆறவைத்துச் சாப்பிட்டாள். சின்னச் சின்ன வாயாக. உதட்டின் உள்பக்கம் கிழிந்திருந்தது. ரெகுலேட்டரின் ரப்பர் கடிப்பு இழுபட்ட இடம்.

"உங்க ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தார். மருந்து போட்டார்."

"என்ன சொன்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன்."

மாஸ்டர் கையில் எடுத்த உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"நம்பினாரா?"

"நம்பல. கதவை மூடிட்டு, வீட்ல எல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டார். ஏதாவதுன்னா சொல்லும்மான்னார்."

"நான் அடிச்சேன்னு நினைச்சுட்டாரா?"

"பின்ன? கதவுல இடிச்சவங்க எல்லாம் அப்படித்தானே சொல்வாங்க."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

அவள் தண்ணீரைக் குடித்தாள். உதட்டில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"என்னன்னு சொல்றது? அடிச்சிருந்தா, அது கோவம்னு எனக்கே புரிஞ்சிருக்கும். இதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு தெரியலைங்க."

வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். உதைத்தார்கள். நின்றது. மறுபடி உதைத்தார்கள்.

"எனக்கு அப்ப எதுவுமே தெரியல," என்றார் மாஸ்டர்.

"முதல் தடவை இழுத்தப்ப தெரியாம இழுத்தீங்க. அதை நான் ஒத்துக்கறேன்."

தட்டில் வைத்த உருண்டையை அவர் விரலால் நசுக்கினார்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்," என்றார். "குளத்துல சொல்றேன். உன் தம்பிகிட்ட சொல்றேன். என்னால தாங்க முடியல. ஒவ்வொருத்தனும் கை குடுக்கறான்."

"வேண்டாம்."

"எதுக்கு நீ எனக்காகப் பொய் சொல்லணும்?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னா?" அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "படகுல ஏறும்போது என் தம்பி முகத்தைப் பார்த்தேன். என் புருஷன் என் வாயிலேர்ந்து மூச்சைப் பிடுங்கினார்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. எனக்குத்தான் அசிங்கமா இருந்துச்சு. குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைன்னு சொல்வாங்க. உங்களுக்கு ஒட்டல. விழுந்தது நீங்க, மண்ணு என் மேல."

தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவுதொட்டியில் வைத்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"குளத்துல சொல்லுங்க, ஊர்ல சொல்லுங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவனுக்கு உங்களை விட்டா பெரிய மனுஷன்னு வேற யாரும் இல்ல. எனக்கும் பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவன் முன்னாடி நான் பாவமா நிக்க முடியாது."

"சரி," என்றார் மாஸ்டர்.

"ஞாயித்துக்கிழமை நான் மறுபடி போறேன். அந்த மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன்."

"மறுபடியா?"

"கீழ நல்லா இருந்துச்சுங்க," என்றாள். "அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு."

குளத்தில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே சொல்ல அவளுடைய அனுமதி இருந்தது. அப்படியும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார். காது வலி என்று மச்சானிடம் சொல்லியிருந்தார்.

"காது எனக்குத்தானே ஓட்டை," என்றான் மச்சான். "உங்களுக்குமா? ஒட்டுவாரொட்டியா மாமா?"

மனைவி படகின் விளிம்பில் உட்கார்ந்து மாஸ்க்கைப் பொத்திக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். டீச்சர் அவளைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப்பரப்பில் இரண்டு இடங்களில் குமிழிகள் வந்தன.

மச்சான் படகுக்காரரிடம் போன வாரக் கதையைச் சொன்னான். அது இப்போது இன்னும் பெரிதாகியிருந்தது. அக்காவின் கண் மேலே சொருகிவிட்டது. மாமா அம்பு போலப் பாய்ந்தார். படகுக்காரர் போன வாரமும் இதே படகில் இருந்தவர். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்படிங்களா," என்றார். பிறகு, "அப்ப இன்னிக்கு ஏன் சார் இறங்கல?" என்று மாஸ்டரைக் கேட்டார்.

"காது," என்றார் மாஸ்டர்.

மச்சான் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை சற்றுத் தள்ளிப் போயிருந்தன.

"நிஜமா கேக்கறேன் மாமா. காது அவ்வளவு வலியா? போன தடவை அப்படி ஆகியிருக்கு, அவளைத் தனியா அனுப்பிட்டு உங்களால எப்படி இங்க உக்கார முடியுது? என் கையைப் பாருங்க." படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான். "நீங்க கீழ இருந்தீங்கன்னா நான் நிம்மதியா இருப்பேன். போன தடவை நீங்க இல்லைன்னா அவ இல்ல."

"அப்படிச் சொல்லாத."

"ஏன், உண்மைதானே? நீங்க இல்லைன்னா..."

"நான் இல்லைன்னா அவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

மச்சான் புரியாமல் பார்த்தான்.

"நழுவல. நான்தான் பிடுங்கினேன்."

மச்சான் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். மாமா வேறு எதுவும் சொல்லாததால் அப்படியே இருந்தான்.

"எதைப் பிடுங்கினீங்க?"

"அவ வாயில இருந்ததை."

"எதுக்கு?"

"எனக்கு மூச்சு முட்டுச்சு."

"உங்களோடது?"

"இருந்துச்சு."

"அந்த மஞ்சள்?"

"அதுவும் இருந்துச்சு."

மச்சான் வாயை மூடினான். படகுக்காரர் எழுந்து இன்ஜின் பக்கம் போய் எதையோ துடைக்க ஆரம்பித்தார்.

மாஸ்டருக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிவிட்டது போலிருந்தது. நீளமாக மூச்சு விட்டார். இதை அப்போதே செய்திருக்கலாம் என்று நினைத்தார். மச்சானின் தோளைத் தொடக் கையை நீட்டினார். மச்சான் நகர்ந்தான். வேகமாக இல்லை. பஸ்ஸில் தெரியாதவர் கை பட்டால் நகர்வது போல.

அப்போது அவள் மேலே வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரை எடுத்தாள். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினாள். முகத்தில் மாஸ்க் அழுத்திய வட்டம். அவ்வளவு மலர்ந்திருந்த அந்த முகத்தை மாஸ்டர் எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை.

"டேய் தம்பி, ஆமைடா! உன் கார் டயர் அளவு இருக்கும். என்னைப் பார்த்துக்கிட்டே வந்துச்சு. நான் மூச்சு கூட மெதுவா விட்டேன், பயந்து ஓடிடுமோன்னு. அப்படியே பக்கத்துல வந்து..."

நிறுத்தினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"ஏன்க்கா என்கிட்ட பொய் சொன்ன?" என்றான் மச்சான். "என்னமா வலிச்சிருக்கும் உனக்கு. நான் ஊரெல்லாம்... நான் அவரைக் கட்டிப்பிடிச்சேனே அக்கா."

அலை அவளைத் தூக்கி இறக்கியது. தம்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. லேசானது அவருடைய உடம்பு மட்டும்தான்.

டீச்சர் பக்கத்தில் வந்து மிதந்தார்.

"மேடம், காத்து எவ்வளவு இருக்கு?" என்றாள் அவள்.

டீச்சர் அவளுடைய அளவுமானியைத் திருப்பிப் பார்த்தார். "பாதிக்கு மேல இருக்கு. நல்லா சிக்கனமா விடறீங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் கீழ இருக்கலாமா?"

டீச்சர் படகில் இருந்த இரண்டு ஆண்களையும் பார்த்தார். "இருக்கலாம்," என்றார். "இருக்கலாம்."

"ஆமை பக்கத்துல வந்து...?" என்றார் மாஸ்டர். "அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை இறக்கினாள். தண்ணீர் அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

மச்சான் குமிழிகள் வரும் பக்கமாகப் போய் விளிம்பில் உட்கார்ந்தான். போன் அவன் கையில் இருந்தது. படம் எடுக்கவில்லை. மாஸ்டரும் எழுந்து அந்தப் பக்கம் போனார். படகு சாய்ந்தது.

"தள்ளி உக்காருங்க," என்றான் மச்சான், திரும்பாமல். "அவ ஏறி வர இடம் வேணும்."

மாஸ்டர் தள்ளி உட்கார்ந்தார்.